அம்மம்மாவின் சிங்கர்: வீட்டில் திருத்துவதா, வெளியே கொடுப்பதா, புதிது வாங்குவதா?

கொட்டாஞ்சேனையில் இருக்கும் மச்சாள் போன வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தாள். மாடிப்படிக்குக் கீழே, பத்திரிகைக் கட்டுகளுக்கும் உடைந்த மேசை விசிறிக்கும் நடுவில் ஒரு சிங்கர் தையல் மெசின், கையால் சுற்றும் வகை. அதில் தைத்தவர் எனக்கு அம்மம்மா, அவளுக்கு அப்பம்மா. மெசின் எந்தப் பக்கத்துக்குச் சொந்தம் என்ற பேச்சு அதனாலேயே இருபது வருடமாக முடியாமல் கிடந்தது. இப்போது மாமா வீட்டைக் காலி செய்யப் போகிறார். படத்துக்குக் கீழே மச்சாளின் கேள்வி: "இதைத் திருத்தலாமா, பழைய இரும்பு வாங்குகிறவருக்குக் கொடுத்துவிடலாமா? நீ ஏற்கனவே ஒன்றைக் கெடுத்தவள், உனக்குத் தெரிந்திருக்கும்."

தெரிந்திருக்கிறது. கெடுத்தது ஒன்று, ஓட வைத்தது இரண்டு. அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன். கொழும்பில் இதே கேள்வியோடு பல வீடுகள் இருக்கின்றன என்பது என் ஊகம். சிங்கர் கம்பனி இங்கே வந்தது 1877இல், முதல் கடை புறக்கோட்டையில். சீதனப் பட்டியலில் தையல் மெசின் இல்லாத கல்யாணம் குறைவு என்றிருந்த காலத்தை எங்கள் அம்மாமார் பார்த்திருக்கிறார்கள்.

விற்பதைப் பற்றி முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். இது அரும்பொருள், வெளிநாட்டில் யாரோ பெரிய விலைக்கு வாங்குவார்கள் என்ற நம்பிக்கை எங்கள் குடும்பத்திலும் உண்டு. மச்சாளின் மெசினில், கைச்சக்கரத்துப் பக்கம் அடித்தளத்தில் பொறித்திருக்கும் எண் வை என்ற ஆங்கில எழுத்தில் தொடங்குகிறது. அப்படியானால் அது 1920களிலிருந்து 1930களின் நடுப்பகுதிக்குள் ஸ்கொட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலையில் செய்யப்பட்டது. அந்த ஆலை 1885 முதல் 1980 வரை இயங்கியது. 1913இல் மட்டும் அங்கிருந்து 13 இலட்சத்துக்கும் அதிகமான மெசின்கள் வெளியே போயின. ஆலை இடிக்கப்பட்டாலும் அருகிலிருக்கும் ரயில் நிலையத்துக்கு இன்றும் சிங்கர் என்றுதான் பெயர். இத்தனை இலட்சம் செய்த பொருளுக்கு அரிதென்ற விலை கிடைக்காது. இரும்பு விலைதான் கிடைக்கும். அந்தக் காசு மெசினைத் தூக்கிக் கொண்டு போகும் ஆட்டோவுக்குப் போதுமானால் பெரிய விடயம்.

மிஞ்சுவது ஐந்து வழிகள். வீட்டிலேயே துப்புரவாக்கி ஓட வைப்பது, திருத்துபவரிடம் கொடுப்பது, புதுப் பெயின்ட் அடித்து முழுமையாகப் புதுப்பிப்பது, மோட்டார் பூட்டுவது, அல்லது இதை ஒரு மூலையில் வைத்துவிட்டுப் புதிது வாங்குவது. இவை ஐந்தையும் சமமாக எடை போட எனக்கு மனமில்லை. இரண்டு நல்லவை, ஒன்று சில வேளைகளில் நல்லது, மற்ற இரண்டும் வேண்டாதவை.

மச்சாளின் மெசின் 28ஆம் இலக்க மாதிரி. 27ஆம் மாதிரியின் முக்கால் அளவுத் தம்பி என்று சொல்லலாம். இதன் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் தீர்மானம் எளிதாகும். பின்னால் வந்த மெசின்களில் அடிநூல் சுற்றி வைக்கும் பொபின் வட்டமாக இருக்கும். இதில் அடிநூலைக் கொண்டு போகும், தோட்டாவைப் போல நீண்ட சட்டில் ஒன்று, அதற்குள் மெலிந்த நீளப் பொபின். ஊசி கீழே இறங்கி ஏறும்போது சட்டில் முன்னும் பின்னும் ஊஞ்சல் போல ஆடி, ஊசி விட்டுப் போகும் நூல் வளையத்துக்குள் புகுந்து வரும். தையல் விழுவது அப்படித்தான். உள்ளே பிளாஸ்டிக் கிடையாது. ரப்பர் என்று இருப்பது பொபின் சுற்றும் சில்லில் ஒரு சிறு வளையம் மட்டும். இரும்பும் உருக்கும் மாத்திரம் உள்ள இந்தப் பொருளில் 90 வருடத்தில் கெட்டுப் போகக்கூடியவை மூன்றே: காய்ந்த எண்ணெய், துரு, தொலைந்த பாகம். முதலிரண்டும் வீட்டில் தீரும். மூன்றாவதுதான் தலைவலி.

"கைச்சக்கரம் அசையவே இல்லை, இறுகிவிட்டது" என்றாள் மச்சாள். பலர் அந்த இடத்திலேயே கை விட்டுவிடுகிறார்கள். இறுகிய மெசின் உடைந்த மெசின் அல்ல. அம்மம்மா காலத்தில் மெசின் எண்ணெய் முடிந்துவிட்டால் சமையலறைத் தேங்காய் எண்ணெயில் இரண்டு சொட்டு விட்டுவிடுவார்கள். அது நாளடைவில் தூசியோடும் நூல் பஞ்சோடும் சேர்ந்து பிசினாகிவிடும். என் முதல் மெசினின் அடிப்பாகத்தில் அந்தப் பிசின் தேன் நிறத்தில், நகத்தால் சுரண்டினால் சுருண்டு வரும் அளவுக்கு இருந்தது. பலம் போட்டுச் சக்கரத்தைச் சுற்றினால்தான் ஏதாவது உடையும்.

வீட்டு வழி இதுதான். மாடி முகப்பில் அல்லது முற்றத்தில், அடுப்பும் சாம்பிராணியும் இல்லாத இடத்தில், பழைய பத்திரிகையை விரித்து மெசினைப் பலகையோடு பின்பக்கமாகச் சாய்த்து வையுங்கள். உலோகத்தோடு உலோகம் உரசுகிற ஒவ்வொரு இணைப்பிலும், ஒவ்வொரு எண்ணெய்த் துளையிலும் மண்ணெண்ணெய் சில துளிகள் விடுங்கள். ஓர் இரவு விட்டுவிடுங்கள். மறுநாள் சக்கரத்தை மெல்ல முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். முதல் நாள் ஒரு நூலளவு அசையும். மறுபடி மண்ணெண்ணெய். மூன்றாம் நாளில் எனக்கு அரைச் சுற்று வந்தது, ஐந்தாம் நாளில் முழுச் சுற்று. கருப்பாக வடிகிறதைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். வடிவது தெளிந்த பிறகு நன்றாகக் காய விட்டு, மெசின் எண்ணெயை ஒவ்வொரு துளையிலும் ஒரு துளி விடுங்கள். மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைக்கும், உராய்வைத் தடுக்காது. இந்த இரண்டாவது பாதியை மறந்தவர்கள்தான் "நன்றாக ஓடியது, ஒரு மாதத்தில் மறுபடி இறுகிவிட்டது" என்று சொல்வார்கள். கடைகளில் கிடைக்கும் டபிள்யூ.டி. 40 தெளிப்பானுக்கும் இதே கதைதான். இறுக்கத்தை இளக்க அது உதவும், எண்ணெய்க்கு மாற்றாகாது.

துணியை நகர்த்தும் பற்களின் கீழே பாருங்கள். ஊசித் தகட்டின் இரண்டு திருகாணிகளைக் கழற்றினால், பஞ்சு அமுங்கி அமுங்கிக் கம்பளி போல ஆகியிருக்கும். அதைக் கிளறி எடுத்ததும் துணி ஒழுங்காக நகரும். பழைய திருகாணிகளின் வெட்டு மெலிதாக இருக்கும். அளவுக்குப் பொருந்தாத திருப்புளியை வைத்துத் திருகினால் வெட்டு சிதைந்துவிடும், பிறகு அதைக் கழற்ற முடியாது. பழைய சோனகத் தெரு இரும்புக் கடைகளில் மெல்லிய நுனியுள்ள திருப்புளி ஒன்றைத் தேடி வாங்குவது, மொத்த வேலையிலும் நீங்கள் செய்யும் மிகப் பெரிய செலவாக இருக்கலாம். மண்ணெண்ணெய், எண்ணெய், ஒரு பக்கெட் ஊசி மூன்றும் சேர்ந்தாலும் கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு ஆட்டோவில் வரும் காசை எட்டாது.

கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கைச்சக்கரத்தின் நடுவில் இருக்கும் வட்டத் திருகைத் தளர்த்தினால் பொபின் சுற்றும்போது ஊசி ஆடாது. அந்தத் திருகுக்குப் பின்னால் சிறு காதுகள் உள்ள ஒரு வளையம் உண்டு. அதைக் கழற்றித் துடைத்துத் திருப்பி மாட்டும்போது தலைகீழாகப் போனால், எவ்வளவு முறுக்கினாலும் சக்கரம் வெறுமனே சுற்றும், ஊசி அசையாது. நான் அதற்கு ஒரு ஞாயிறு முழுவதையும் கொடுத்தேன். வளையத்தை அரை வட்டம் திருப்பிப் போட்டதும் சரியாயிற்று.

இன்னொன்று, "தையலே விழவில்லை" என்று வரும் முறைப்பாடுகளில் பெரும்பகுதி ஊசியைப் பற்றியதுதான். 28ஆம் மாதிரிக்கு இன்று எந்தக் கடையிலும் கிடைக்கும் சாதாரண வீட்டு ஊசி போதும். ஆனால் தட்டையான பக்கம் வலது புறம் பார்க்க வேண்டும், நூலை இடமிருந்து வலமாகக் கோர்க்க வேண்டும். 15ஆம் மாதிரி வீட்டில் இருந்து பழகியவர்கள் அதில் செய்வது போல வலமிருந்து இடமாகக் கோர்த்துவிட்டு மெசினைத் திட்டுவார்கள். எந்த மாதிரியென்று தெரியாவிட்டால், ஊசியில் நீளமான பள்ளம் ஓடும் பக்கத்திலிருந்து நூல் உள்ளே போக வேண்டும் என்பதை நினைவில் வைத்தால் போதும்.

துருவைப் பற்றி: எங்கள் வீடு காலி வீதிக்குக் கடல் பக்கம். சன்னல் கம்பியே இரண்டு மழைக்காலத்தைத் தாங்காத இடத்தில் மெசினுக்கு மட்டும் விதிவிலக்கு இருக்குமா? மேலோட்டமான துருவை எண்ணெயில் தோய்த்த மிக மெல்லிய உருக்குக் கம்பளியால் தேய்த்தால் போகும். புளியும் தேசிக்காயும் பித்தளைக் குத்துவிளக்குக்குச் சரி. நிக்கல் பூச்சுள்ள சக்கர விளிம்பில் வைத்தால் பூச்சின் கீழே புகுந்து மேலும் கெடுக்கும். பூச்சு ஏற்கனவே உரிந்த இடத்தை அப்படியே ஏற்றுக்கொள்வதுதான் புத்தி.

அடுத்தது திருத்துபவரிடம் கொடுப்பது. இதில் எனக்கு இரண்டு விதமான அனுபவம். ஒருவர் கடை வைத்திருந்தவர். பெயர் வேண்டாம். மெசினைக் கொடுத்து மூன்று கிழமை கழித்து வாங்கினேன். சக்கரம் வழுக்கிக்கொண்டு சுற்றியது, மகிழ்ச்சியாக இருந்தது. வீட்டில் வந்து பார்த்தால் உள்ளே இருந்த சட்டில் நான் கொடுத்தது அல்ல. நுனி தேய்ந்த இன்னொன்று. கேட்டபோது "எல்லாம் ஒன்றுதான், மிஸ்" என்றார். ஒன்றல்ல. சட்டிலின் நுனி மழுங்கினால் நூல் வளையத்தைப் பிடிக்காது, தையல் தாவும். மற்றவர் வீட்டுக்கு வந்து பார்க்கும் வயதான ஐயா ஒருவர். தன் சிறு பெட்டியைத் திறந்து, காதைக் கிட்ட வைத்துச் சக்கரத்தை இரண்டு தரம் சுற்றிப் பார்த்துவிட்டு, "பிள்ளை, இதற்கு ஒரு நோயும் இல்லை, பட்டினி. எண்ணெய் கொடுங்கோ" என்று சொல்லிப் பேருக்குக் கொஞ்சக் காசு வாங்கிக்கொண்டு போனார். அவர் மாதிரியானவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். இளையவர்களுக்கு ஆடைத் தொழிற்சாலை மெசின்களில்தான் வேலையும் வருமானமும். பழைய கை மெசினைத் திறந்து பார்த்திராதவர்களும் அவர்களில் உண்டு.

ஆகவே கொடுப்பதானால் எதற்காகக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும். துப்புரவாக்குவதற்குக் காசு கொடுப்பது வீண். ஊசித்தண்டின் உயரம் மாறிப் போயிருந்தால், சட்டிலும் ஊசியும் சந்திக்கும் நேரம் பிசகியிருந்தால், திருகாணி உள்ளே முறிந்திருந்தால் கொடுங்கள். முடிந்தால் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். கடையில் விட வேண்டி வந்தால் சட்டிலையும் பொபின்களையும் கழற்றி வீட்டில் வைத்துக்கொண்டு மெசினை மட்டும் கொடுங்கள். சோதித்துப் பார்க்கும் நாளில் கொண்டு போகலாம். என்னைச் சந்தேகக்காரி என்பீர்கள். ஒரு சட்டிலை இழந்து பாருங்கள், பிறகு பேசுவோம்.

முழுமையாகப் புதுப்பிப்பது என்பது படங்களில் அழகாக இருக்கிறது. கருப்பு மினுங்குகிறது, தங்கக் கோலம் புதிதாகப் பளபளக்கிறது. நானும் மயங்கினேன். என் முதல் மெசின் 27ஆம் மாதிரிக் கால் மெசின், அதாவது காலால் மிதித்து ஓட்டுவது, அடித்தளத்தில் ஸ்பிங்ஸ் உருவம் தங்க நிறத்தில் பதித்தது. அழுக்கைப் போக்கலாமென்று மெத்தனோல் கலந்த ஸ்பிரிட்டில் பஞ்சைத் தோய்த்துத் துடைத்தேன். அந்தக் கோலங்களுக்கு மேலே பாதுகாப்பாகப் பூசியிருப்பது அரக்கு வார்னிஷ். ஸ்பிரிட் பட்டால் கரைந்துவிடும். பஞ்சு பழுப்பாக வந்தபோது அழுக்கு போகிறது என்று சந்தோஷப்பட்டேன். எகிப்தில் இருக்கும் ஸ்பிங்ஸுக்கு மூக்குத்தான் இல்லை, என்னுடையதற்கு முகமே இல்லை.

அடியில் இருக்கும் அந்தக் கருப்பு, சாதாரணப் பெயின்ட் அல்ல. தார் கலந்த பூச்சைப் பூசி, சூளையில் சுட்டு, மறுபடி பூசிச் செய்தது. கொழும்பில் வாகனப் பெயின்ட் கடையில் தெளித்துத் தருவது அதன் ஆழத்துக்கு வராது. எண்ணெய்த் துளைகளையும் அடைத்துவிடும். தங்கக் கோலத்தின் நகல்களை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம், தபால் செலவும் சுங்கமும் சேர்ந்து மெசினின் விலையைத் தாண்டும். பூச்சு முழுவதும் உரிந்து வெறும் இரும்பு துருப்பிடிக்கிறது என்றால் மட்டும் இந்த வழியை யோசிக்கலாம். மற்றப்படி மெசின் எண்ணெயில் நனைத்த மெல்லிய பருத்தித் துணியால் மெதுவாகத் துடைத்தால் போதும். அம்மம்மாவின் விரல் உரசி உரசிக் கோலம் தேய்ந்த இடம் வலது முன்மூலையில் இருக்கும். அதை ஏன் மறைக்க வேண்டும்?

மோட்டார் பூட்டுவது பற்றி மச்சாளின் கணவருக்குத்தான் ஆசை அதிகம். புறக்கோட்டையில் கால் விசையோடு மோட்டார் கிடைக்கிறது, பூட்டினால் வேகமாக ஓடும் என்கிறார். இந்த வயது மெசின்கள் பலவற்றில் மோட்டாரைப் பொருத்தும் மேடு உடம்பில் வார்க்கப்பட்டிருக்காது. இருந்தாலும் கை மெசினின் ஆரக்கால் சக்கரம் இலேசானது. மோட்டாருக்கு ஏற்ற கனமான சக்கரம் தேட வேண்டும். முன்னும் பின்னும் ஆடும் சட்டில் வேகத்துக்காகச் செய்ததும் அல்ல, வேகம் கூடினால் சத்தமும் அதிர்வும் கூடும். ஏற்கனவே பழைய மோட்டார் பூட்டிய மெசின் உங்களிடம் இருந்தால் அது வேறு கதை. அதன் கம்பி உறை பொடிப்பொடியாக உதிரும், அதைத் தொடாமல் மின் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். 230 வோல்ட்டோடு விளையாட்டு வேண்டாம்.

2022இல், நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில், எங்கள் தொடர்மாடியில் சத்தம் போட்டுக்கொண்டிருந்த ஒரே இயந்திரம் என் கால் மெசின். மேல் வீட்டுப் பிள்ளையின் பாடசாலைச் சீருடையை மெழுகுதிரி வெளிச்சத்தில் தைத்துக் கொடுத்தேன். மோட்டார் பூட்டியிருந்தால் நானும் விசிறி இல்லாமல் சும்மா உட்கார்ந்திருப்பேன். மோட்டார் விடயத்தில் என் தீர்ப்புக்கு அதுவும் ஒரு காரணம், மறைக்கவில்லை.

புதிது வாங்குவதுதான் சில வேளைகளில் நல்லது என்று சொன்ன வழி. கை மெசினில் நேர்த்தையல் மட்டும் விழும். பின்னோக்கித் தைக்காது, துணியைத் திருப்பித்தான் முடிச்சுப் போட வேண்டும். வளைந்து வளைந்து விழும் வளைதையல் இல்லை, பொத்தான் துளை இல்லை. கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் மூன்று தையல். இரவிக்கை, சேலைக்கு ஃபோல் அடிப்பது, திரைச்சீலை, தலையணை உறை, கிழிந்த ஜீன்ஸ் இவற்றுக்கு இது தாராளம். தடித்த ஜீன்ஸ் மடிப்பில் இன்றைய மலிவு வீட்டு மெசின்கள் மூச்சுத் திணறும்போது இது நிதானமாக ஏறி இறங்கும். ஆனால் இழுபடும் டீசேர்ட் துணி தைப்பதானால், ஓரம் பிரியாமல் அடிப்பதானால் இதை நம்ப முடியாது. அங்கே வளைதையல் உள்ள புது மெசின்தான் சரி. தோளில் தூக்கக் கூடிய எடை, கடை உத்தரவாதம், எல்லாம் உண்டு. ஒன்றைத் தவிர்க்கச் சொல்வேன்: கையடக்க பற்றரி மெசின்கள். அவை விளையாட்டுப் பொருட்கள்.

வீட்டிலிருந்து தைத்துச் சம்பாதிப்பதே நோக்கமென்றால் மேலே எழுதிய ஐந்து வழிகளுமே பொருந்தாது. ஆடைத் தொழிற்சாலைகள் கழிக்கும் தொழில்முறை மெசின் ஒன்றைத் தேடுங்கள். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தையல் போடும் அதற்குத் தனி மேசையும் இடமும் வேண்டும், அவ்வளவுதான்.

மச்சாள் சம்பாதிப்பதற்காகத் தைக்கப் போவதில்லை. மகளுக்கு இரவிக்கை, வீட்டுக்குத் திரைச்சீலை, இரண்டும் நேர்த்தையல். ஆகவே அவளுக்கு நான் சொன்னது: பெயின்ட் வேண்டாம், மோட்டார் வேண்டாம், திருத்துபவர் இப்போதைக்கு வேண்டாம். மண்ணெண்ணெய் ஒரு போத்தலும் இரண்டு வாரப் பொறுமையும் போதும். பிறகும் தையல் தாவினால் அந்த ஐயாவை அழைத்துக் கொள்ளலாம். ஆனால் இந்தத் தீர்மானம் முழுவதும் ஒரு சிறு பாகத்தில் தொங்குகிறது. சட்டில் உள்ளே இருக்கிறதா? அது இல்லையென்றால் நல்ல நிலையில் இன்னொன்று தேடுவது மாதக் கணக்கில் இழுக்கும். அப்போது புது மெசினைப் பற்றிப் பேசுவதே நேர்மை.

"ஊசிக்கு இடப் பக்கம் இரண்டு தகடுகள் இருக்கும். முன் தகட்டை உன் பக்கமாக இழு. உள்ளே தோட்டா மாதிரி ஒன்று கிடக்கிறதா என்று பார்த்துச் சொல்" என்று எழுதினேன்.

பத்து நிமிடம் கழித்துப் பதில் வந்தது: "தகடு அசையவே இல்லை."

விளிம்பில் இரண்டு துளி மண்ணெண்ணெய் விடு, நாளை காலை வரை கை வைக்காதே என்றேன்.